வாயில் வருகிறது, தாளில் வரவில்லை

கற்றல் குறைபாடு: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கவலைதான் பல வேஷத்தில் வந்திருக்கிறது: "இது சோம்பலா, வேறு ஏதாவதா?" பெயர்களை நீக்கி, ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாடத்தை நான் படித்துக் காட்டினால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறான். வாயால் கேட்டால் டக்கென்று பதில் வருகிறது. பரீட்சைத் தாளில் மட்டும் ஒன்றும் இல்லை. "புத்தி இருக்கு, அக்கறைதான் இல்லை" என்கிறார் அவனுடைய மிஸ். அப்படித்தானா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் "நான் படித்துக் காட்டினால்" என்பது. காது வழியே போவது மனதில் நிற்கிறது, கண் வழியே போவது நிற்கவில்லை. அக்கறையில்லாத பிள்ளைக்கு இரண்டுமே நிற்காது. 1896-இல் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பையன் கணக்கில் கெட்டி. ஆனால் 'பெர்சி' என்ற தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதினான்; ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் தவறு அவன் கண்ணில் பட்டது. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இன்று டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் வாசிப்புக் குறைபாடு இதுதான்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவன் இதுவரை பார்க்காத இரண்டு கதைத் துண்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் எட்டுப் பத்து வரி, இரண்டும் அவன் வகுப்புத் தரம். முதல் துண்டை நீங்கள் படித்துக் காட்டி ஐந்து கேள்வி கேளுங்கள். இரண்டாவதை அவனே சத்தமாகப் படிக்கட்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதிலும் ஐந்து கேள்வி. கேட்ட கதையில் நாலைந்து சரி, படித்த கதையில் ஒன்றிரண்டுதான் சரி என்றால் அந்த இடைவெளியைக் குறித்து வையுங்கள். அன்றைக்குத் தூக்கக் கலக்கமாகவும் இருந்திருக்கலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து வேறு துண்டுகளோடு மறுபடி செய்யுங்கள்.

பதிவைக் கேட்கும்போது எத்தனை தவறு என்று எண்ணுவதைவிட, தவறு எப்படி விழுகிறது என்று கவனிப்பது பயன் தரும். 'வாழைப்பழம்' என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு 'வாழ்த்து' என்று தாவுகிறானா? படத்தைப் பார்த்து ஊகிக்கிறானா? மேல் வரியில் கூட்டிப் படித்த அதே சொல்லைக் கீழ் வரியில் புதிதாய்ப் பார்ப்பதுபோல் மறுபடி எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறானா?

கடைசியாக, அர்த்தமே இல்லாத பத்துச் சொற்களை எழுதிக் கொடுங்கள்: 'டகிமு', 'நெபாலு', 'சூமெடி', 'பொரிணே' என்பதுபோல். இங்கே மனப்பாடம் உதவாது, ஊகம் உதவாது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்தால்தான் வாய் திறக்க முடியும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பித்தே இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிடுவார்கள். இந்தப் பத்துச் சொல்லில் மாட்டிக்கொள்வார்கள்.

இதை வைத்து நீங்களே 'குறைபாடு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிஸ்ஸிடம் பேச உட்காரும்போது அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். பேச்சு 'அக்கறை'யிலிருந்து வாசிப்புக்கு வந்துவிடும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தி ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் திருப்பித் திருப்பி எழுதுகிறாள். இதுதான் டிஸ்லெக்சியா என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம். ஒரு கோப்பையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது கோப்பைதான். எழுத்து மட்டும்தான் திருப்பினால் வேறாகிவிடுகிறது. அந்த விதி மூளையில் பதியக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஏழு வயது வரை இப்படி எழுதுவது சாதாரணம். அதற்குப் பிறகும் நீடித்து, வாசிப்பும் திணறினால் பார்க்கலாம். டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவதே இல்லை என்பதையும் பயமுறுத்துகிறவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. 'பள்ளி'யை 'பல்லி' என்கிறாள், 'மழை'யை 'மளை' என்று எழுதுகிறாள். தமிழ் நோட்டு முழுக்கச் சிவப்பு மை. குறைபாடாக இருக்குமோ?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு உதாரணங்களை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ன, ண இரண்டையும் பேச்சில் பிரிக்காத வீடுகள் ஏராளம். காதில் ஒன்றாக விழுவதைத் தாளில் மூன்றாகப் பிரிக்க நினைவு மட்டுமே துணை. நன்றாகப் படித்த பெரியவர்களே வாட்ஸ்அப்பில் 'வாள்த்துக்கள்' அனுப்புகிறார்கள்.

கவலைப்பட வேண்டிய தவறுகள் வேறு ரகம். அவற்றில் சொல்லின் ஒலியே உடைந்து போயிருக்கும். 'பட்டம்' என்பது புள்ளிகளை இழந்து 'படடம' ஆகும். 'தவளை' இடம் மாறி 'வதளை' ஆகும். நீளமான சொல்லின் நடுவில் ஓரெழுத்து காணாமல் போகும். எழுதி முடித்ததை அவளையே வாசிக்கச் சொன்னால், எழுதாததையும் சேர்த்துச் சரியாக வாசித்துவிடுவாள். தவறு கண்ணில் படாது.

கொம்பு போட்ட எழுத்துகளைத் தனியாகப் பாருங்கள். 'கொ' என்று சொல்லும்போது மெய் முன்னால், உயிர் பின்னால் வருகிறது. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில், 'க' நடுவில், துணைக்கால் கடைசியில். ஒலிக்கும் வரிசை ஒன்று, கை போகும் வரிசை இன்னொன்று. இந்த இடத்தில் தடுமாறும் பிள்ளை 'கொடி'யை ஒருநாள் 'கெடி' என்றும் மறுநாள் 'காடி' என்றும் எழுதும். துணைக்காலும் 'ர'வும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் 'கா'வை 'கர' என்று வாசிப்பதும் உண்டு. முதல் வகுப்பில் எல்லோரும் செய்கிற தவறுகள்தான் இவை. நான்காம் வகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், அதுவும் ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வந்தால், பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கும் மொழி. இத்தாலியம், ஜெர்மன் போன்ற அப்படிப்பட்ட மொழிகளில் வாசிப்புக் குறைபாடு தவறாக வெளிப்படுவதைவிட மெதுவாக வாசிப்பதாகத்தான் அதிகம் வெளிப்படுகிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஒத்துப்போகாத ஆங்கிலத்தில் அதே பிள்ளை கண்டபடி தவறு செய்யும். "தமிழ் பரவாயில்லை, இங்கிலீஷ்தான் வரலை" என்று விட்டுவிடாமல், தமிழ் வாசிப்பைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். தமிழில் சரளமாக ஓடி, வீட்டில் காதிலேயே விழாத ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், அது பழக்கமின்மையாகவே இருக்கலாம்.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில் 40 பிள்ளைகள். யாருக்கு உண்மையான சிக்கல், யாருக்கு அடிப்படை விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் நாளிலேயே பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு வேறு பத்தியுடன் மூன்று தடவை. சொற்களை எண்ணாமல், சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது தமிழில் ஒரே சொல், எழுத்தோ பன்னிரண்டு. அதனால்தான் ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் வகுப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தடவையும் கடைசியில் நிற்கிற நாலைந்து பேரைத் தினமும் 20 நிமிடம் தனிக் குழுவாக உட்கார வையுங்கள். ஒலியைப் பிரிப்பது, சேர்ப்பது, எழுத்தோடு பொருத்துவது மட்டும். எட்டுப் பத்து வாரத்தில் சிலர் விறுவிறுவென்று ஏறுவார்கள். அவர்களுக்கு விட்டுப்போனது பாடம். அதே பயிற்சியில் அசையாமல் நிற்பவர்கள் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள். அமைதியாக உட்கார்ந்து, பக்கத்து நோட்டைப் பார்த்து அழகாக எழுதிவிடும் பெண்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். சேட்டை செய்யும் பையன் உங்கள் கண்ணில் தானாகப் படுவான், இவர்கள் படமாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு வாசிப்பு அருமை, கணக்கு மட்டும் சுத்தமாக வரவில்லை. ஒன்பது வயதிலும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறான்.

பதில்: விரல் விடுவதில் தவறில்லை, எப்படி விடுகிறான் என்று பாருங்கள். 8-உடன் 3 கூட்டச் சொன்னால் '9, 10, 11' என்று தொடர்கிறானா, ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறானா? 6-ம் 6-ம் 12 என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி 6-ம் 7-ம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறானா? தாளில் மூன்று புள்ளி வைத்து ஒரு கணம் காட்டி மூடுங்கள். நான்கு வரை எண்ணாமலே கண் சொல்லிவிடும். அவன் ஒவ்வொன்றாக எண்ணத் தேடினால் எண் உணர்விலேயே சிக்கல், அதாவது டிஸ்கால்குலியா, இருக்கலாம். 23-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். 69 பெரிதா 71 பெரிதா என்று கேளுங்கள்.

எழுத்தில் இரண்டு தவறுகளைத் தேடுங்கள். 'ஆயிரத்து மூன்று' என்றதும் 10003 என்று எழுதுவது: ஆயிரத்தை எழுதி, பக்கத்தில் மூன்றை ஒட்டுகிறான், இடமதிப்பு பிடிபடவில்லை. 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்பது: எந்தப் பக்கம் இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறான். பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டிய பிறகும் மாதக்கணக்கில் அப்படியே செய்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் 90-ஐயும் 900-ஐயும் குழப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது. அந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு மொழி.

எல்லாவற்றையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் கேளுங்கள். கடிகாரம் இல்லாதபோது சரியாக வந்தால், அது கணக்குப் பயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருக்கிறது. அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். டிஸ்கிராஃபியா என்கிற எழுதும் குறைபாடா?

பதில்: மூன்று வேலை கொடுங்கள்: பக்கத்தில் இருக்கும் வரியைப் பார்த்து எழுதுவது, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது, அவனே யோசித்து நாலு வரி எழுதுவது. பார்த்து எழுதுவதே தள்ளாடினால் கை இயக்கத்தில் சிக்கல். பார்த்து எழுதுவது சுத்தமாக இருந்து, டிக்டேஷனில் உடைந்தால், அது ஒலி – எழுத்துச் சிக்கல். கையெழுத்துப் பயிற்சி நோட்டு எத்தனை வாங்கினாலும் தீராது. மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால், வாயால் அந்த நாலு வரியைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தவறு வந்தால் முதலில் கண் மருத்துவர். பென்சில் பிடிக்கும் விதம் வித்தியாசமாக இருப்பதாலேயே குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: யாரிடம், எந்த வரிசையில் காட்டுவது? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்; இவற்றில் கற்றல் குறைபாடு தெரியாது. முதலில் கண், அடுத்தது காது. சின்ன வயதில் அடிக்கடி காதில் சீழ் வந்த பிள்ளையென்றால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு குழந்தை நல மருத்துவர், அவர் வழியாகக் கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்ற உளவியலாளர். அங்கே அறிவுத்திறன் சோதனையோடு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். களைத்த பிள்ளையின் மதிப்பெண் பொய் சொல்லும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தச் சிக்கலுக்கென்றே தனிப்பயிற்சி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், பார்வை, செவி, அறிவுத்திறன் குறைவாலோ, சரியான கற்பித்தல் கிடைக்காததாலோ, பாட மொழி தெரியாததாலோ வந்ததாக இருக்கக் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்கிறது அதே கையேடு. உறுதியான முடிவு பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் வரும். பயிற்சியை அதுவரை தள்ளிவைக்க வேண்டியதில்லை.

போகும்போது நோட்டுகளை எடுத்துப் போங்கள். அழகாகத் திருத்தி எழுதியதை அல்ல, அடித்துத் திருத்திய ரஃப் நோட்டை. கையில் வரும் அறிக்கையில் எந்தத் திறன் எந்த வகுப்புத் தரத்தில் இருக்கிறது, என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். 'டிஸ்லெக்சியா' என்ற ஒரு சொல்லும் ஒரு ஐ.க்யூ. எண்ணும் மட்டும் இருந்தால் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பள்ளியில் வாசிப்பு வரவே இல்லையாம். நாலு வயது மகளிடம் இப்போதே ஏதாவது தெரியுமா?

பதில்: பரம்பரை பலமான காரணம்தான், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. பேச்சு தாமதமாக வந்ததா, தினமும் கேட்கும் பாட்டில் எதுகை பிடிபடவில்லையா, தெரிந்த நிறங்களின் பெயரைக்கூடத் தேடித் தேடிச் சொல்கிறாளா என்று கவனியுங்கள். 'மரம்', 'மணி', 'மயில்' மூன்றும் எதில் தொடங்குகின்றன, 'மாம்பழம்' என்பதில் 'பழம்' போனால் மிச்சம் என்ன என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். கையைப் பிடித்து அகரம் எழுத வைப்பதைவிட இந்த வயதில் இதுதான் அதிகம் உதவும்.

கேள்வி: கலர் கண்ணாடி, கண் பயிற்சி, மூளை டானிக் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

பதில்: எதுவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே, வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கற்றல் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. கூடவே கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடும் இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அந்த மருந்து பிள்ளையை உட்கார வைக்கும், வாசிக்கக் கற்றுத் தராது.

கேள்வி: பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் என்ன செய்வது? தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைக்கிறேன்.

பதில்: அதை நிறுத்துங்கள். எழுதும்போது ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சொல் 'கொடி' என்றால், முதலில் 'கொ'வை மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை, அப்புறம் பக்கத்தில் 'டி'யைப் பத்துத் தடவை எழுதி முடித்துவிடும். 'கொடி' என்ற சொல் அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு தடவைகூட உருவாகவில்லை. அதற்குப் பதில், எழுத்து அட்டைகளைப் பரப்பி, சொல்லை வாயால் பிரித்துச் சொல்லி, அட்டைகளை எடுத்து அடுக்கி, மூடி, ஒரே ஒரு தடவை எழுதட்டும்.

வாசிப்புக்கு இணைந்து வாசிக்கும் முறை நன்றாக வேலை செய்யும். தினமும் 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். புத்தகத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். இருவரும் சேர்ந்து, அதன் வேகத்தில், சத்தமாக வாசியுங்கள். தனியாக வாசிக்கத் தைரியம் வந்ததும் மேஜையில் தட்டும். நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுமாறினால் நாலைந்து விநாடி பொறுங்கள். வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லி, அதையும் சொல்ல வைத்து, மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். "எழுத்துக் கூட்டு, கூட்டு" என்று அந்த இடத்தில் நெருக்கினால் கதை அறுந்துவிடும். கூட்டுவதற்கு அட்டை நேரம் தனியாக இருக்கிறதே. வரலாறு, அறிவியல் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டிவிடுங்கள். வாசிப்பு பின்தங்கியதற்காக அறிவும் பின்தங்க வேண்டியதில்லை.

கேள்வி: அதே வகுப்பில் இன்னொரு வருடம் போட்டுவிட்டால் பிடித்துக்கொள்வாளா?

பதில்: அதே பாடம், அதே முறை, அதே வேகம் என்றால் இரண்டாம் வருடமும் அதே இடத்தில்தான் நிற்பாள், தோழிகள் மட்டும் மேலே போயிருப்பார்கள். மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பரீட்சையில் கூடுதல் நேரம், கேள்வித்தாளை வாசித்துக் காட்ட ஒருவர், கொஞ்சம் பெரிய அச்செழுத்து, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகியவற்றைப் பள்ளியில் எழுத்து மூலம் கேளுங்கள். தினசரிப் பயிற்சியை அவள் வாசிப்பு இப்போது எந்த வகுப்புத் தரத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள், அது ஒன்றாம் வகுப்பாக இருந்தாலும்.